பழைய வீடு வாங்குமுன் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி, ஜூன் 2, 2024

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் 6 சென்ட்டில் 14 வருஷப் பழைய மாடி வீடு ஒன்றை 62 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. யாராவது இன்ஜினீயரிடம் காட்டிவிடுவோம் என்கிறாள் மனைவி. ஒருவர் 3,000 கேட்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து வரும் ஒரு கம்பெனி 18,000 கேட்கிறது. லோன் போட்டால் பேங்க்காரர்களே வந்து பார்ப்பார்களே, அது போதாதா? வெறுமனே பார்த்துவிட்டுப் போவதற்கு இவ்வளவு காசா?

ஜூன் 2, இரவு

போதாது தம்பி. நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் அந்த இடத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் பேங்க் அனுப்பும் வேல்யூவருக்குக் கவலை. அளவு எடுப்பார், பிளானோடு ஒத்துப் பார்ப்பார், நாலு பக்கமும் போட்டோ பிடிப்பார், கட்டடத்தின் வயசுக்குத் தேய்மானம் கழிப்பார், கிளம்பிவிடுவார். குளியலறைக்குப் பின்சுவரில் ஈரம் கசிந்து ஓதம் ஏறியிருந்தால் அவருக்கு என்ன வந்தது? இத்தனைக்கும் அவருக்கான பீஸை நம்மிடம்தான் வாங்குகிறார்கள். ரிப்போர்ட் மட்டும் பேங்க்குக்குப் போகும்.

18,000 கூடுதலா குறைச்சலா என்பதை அப்புறம் பேசுவோம். 62 லட்சத்துக்குப் பத்திரம் முடித்தால் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 5,58,000 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகிறது. புரோக்கர் கமிஷன் தனி. பத்திரம் எழுதுகிறவருக்குத் தனி. வாஸ்து பார்க்க வருகிறவருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறோம், அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. இன்ஜினீயர் என்றதும்தான் கை பின்னால் போகிறது.

ஜூன் 3

“உங்களுக்கு இதில் என்ன தெரியும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தக்கலையில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு வீடு விலைக்கு வரப்போகிறது என்பது பல சமயம் புரோக்கருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வாங்குகிற சாமானே சொல்லும். பட்டி மூட்டை, இருப்பதில் விலை குறைந்த பிரைமர், வெளிர் நிறத்தில் டிஸ்டெம்பர். “ஹாலுக்கும் முன்ரூமுக்கும் மட்டும் போதும் அண்ணே, ஒரு கோட்டு அடிச்சா போதும்.” தான் குடியிருக்கப் போகிற வீட்டுக்கு யாரும் ஒரு கோட்டோடு நிறுத்துவதில்லை.

ஓதம் அடிக்கிற சுவரைச் சுரண்டி, பட்டி இழுத்து, மேலே அடித்துவிட்டால் வெயில் காலம் முழுக்கப் பளபளவென்று நிற்கும். மழை தொடங்கி ஒரு மாசத்தில் கொப்புளம் விட்டு, விரலால் தொட்டால் பொருபொருவென்று உதிரும். அதற்குள் பத்திரம் முடிந்திருக்கும்.

ஆகவே பழைய வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தச் சுவருக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்து வீட்டில் எட்டில் அது குளியலறையாக இருக்கும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் இறங்குகிற குழாய்.

ஜூன் 5

இனி ரூபாய்க் கணக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என் காதுக்கு வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் மாறும். சிவில் இன்ஜினீயர் ஒருவர் வந்து கண்ணால் பார்த்து வாயால் சொல்லிவிட்டுப் போக 2,000 முதல் 5,000 வரை. போட்டோவோடு எழுதிக் கொடுத்தால் 6,000, 8,000, 10,000. ஈரம் அளக்கிற மீட்டர், தெர்மல் கேமரா எல்லாம் கொண்டுவருகிற கம்பெனிகள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும், வண்டிச் செலவும் சேரும். கான்கிரீட்டைத் துளைத்து எடுத்து லேபுக்கு அனுப்புவதென்றால் அது வேறு கணக்கு, எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது.

இந்தப் பணத்துக்கு என்னதான் செய்கிறார்கள் என்பதற்கு, குளச்சலில் அக்கா ஒரு வீடு வாங்கப் போனபோது நான் கூட நின்று பார்த்ததைச் சொல்கிறேன். வந்தவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சின்னச் சுத்தியல், டார்ச், சாக்பீஸ். போர்டிகோ பீமுக்கு அடியில் ஏணி போட்டு ஏறி, சுத்தியல் நுனியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று விழுந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டார். இன்னும் இரண்டு முழம் தள்ளி இன்னொரு வட்டம். கீழே நின்றவர்களுக்கு அந்தப் பீம் புத்தம் புதுசாகத் தெரிந்தது, போன மாசம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒரு வட்டத்துக்குள் உளி வைத்துத் தட்டினார். பூச்சு தட்டாகக் கழன்று விழுந்தது. உள்ளே கம்பி செம்பழுப்பாக இதழ் இதழாக உரிந்து நின்றது. “மக்கா, இரும்பு துருப்பிடிச்சா ஊதும். ஊதினா கான்கிரீட்டத் தள்ளும். இது தள்ளிக்கிட்டிருக்கு” என்றார்.

அப்புறம் ஒரு சின்னப் பாட்டிலில் இருந்து எதையோ பீய்ச்சினார். பினால்ப்தலீன். பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். நல்ல கான்கிரீட்டுக்குக் கம்பியைக் காக்கிற காரத்தன்மை இருக்கும், இந்த மருந்து பட்டால் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தன்மையைத் தின்றுவிட்ட இடத்தில் நிறமே வராது. அங்கே கம்பி வரைக்கும் நிறம் வரவில்லை.

கடலோரக் காற்று நேராகப் படுகிற கான்கிரீட்டுக்கு, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும், எம்30 என்ற வலுவுக்குக் குறைந்த கலவை கூடாது என்று ஐஎஸ் 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரநிலை சொல்கிறது. சாதாரணச் சூழலில் இருக்கிற கட்டடத்துக்கே 20 மில்லிமீட்டர். அந்தப் பீமில் விரல் வைத்துப் பார்த்தோம், 15கூடத் தேறாது. அக்கா அந்த வீட்டை வாங்கவில்லை. வந்து பார்த்தவருக்குக் கொடுத்தது 4,000 ரூபாயும் ஒரு சாயாவும்.

ஜூன் 6

சிவில் இன்ஜினீயரிங் பாடம் எடுக்கிற ஒரு டீச்சர் தனியாக எழுதி ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொன்னார். பினால்ப்தலீனில் இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கம்பி பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். கடல் உப்பு உள்ளே போயிருந்தால் காரத்தன்மை இருக்கும்போதே கம்பி துருப்பிடிக்கும். அதற்கு லேபில் குளோரைடு சோதனைதான் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பார்வதிபுரத்துக்கு அவ்வளவு பயம் வேண்டாம்.

ஜூன் 9

“பீஸை விடுங்கள், நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?” இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வீடு பரிசோதனைக்கென்று நம் நாட்டில் தனி லைசென்ஸ் கிடையாது. கார்டு அடித்தவன் எல்லாம் இன்ஸ்பெக்டர்தான். அதனால் படிப்பு, அனுபவம், கருவி எல்லாவற்றையும் கேளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: அவர் நம்பரை உங்களுக்குக் கொடுத்தது யார்?

புரோக்கர் கொடுத்தாரா? அப்படியென்றால் அது கல்யாணத் தரகரே கூட்டிவந்த ஜோசியர் மாதிரி, பத்துப் பொருத்தமும் இருக்கும். விற்கிறவரின் மச்சானா? வேண்டாம். வீட்டைக் கட்டின காண்ட்ராக்டருக்கு வேண்டியவரா? வேண்டவே வேண்டாம். நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரே பீஸ்தான், இந்த வியாபாரத்தில் வேறெங்கிருந்தும் அவருக்குக் காசு வராது என்றால் அந்த ஆள் பாதிக்கு மேல் சரி.

அடுத்து, ரிப்பேர் வேலையும் தானே எடுத்துச் செய்வேன் என்று வருகிறவர். “சார், நாலு இடத்துல லீக்கு, நானே ஒன்றரை லட்சத்துல முடிச்சுத் தந்துடறேன்” என்பார். லீக் நிஜமாகவே இருக்கலாம். நாலா ஒன்றா என்பது உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இன்டர்நாச்சி என்று வீட்டுப் பரிசோதகர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தான் ரிப்போர்ட் கொடுத்த வீட்டில் 12 மாசத்துக்குக் காசுக்கு ரிப்பேர் வேலை எடுக்கக் கூடாது என்பது அதன் உறுப்பினர்களுக்கு விதி. இங்கே அப்படிக் கட்டாய விதி எதுவும் இல்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய ரிப்போர்ட் ஒன்றை, பெயர் விலாசத்தை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். “கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, சிறு பராமரிப்பு தேவை” என்று ஒரே பக்கத்தில் முடிந்திருந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி உயரம், போட்டோ எங்கே, அவசரமா ஆற அமரச் செய்யலாமா, இவ்வளவாவது இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறுவாரா, பரணுக்குள் தலையை விடுவாரா என்றும் கேளுங்கள். ஏணி இல்லாமல் வருகிற ஆள் தரைத்தளத்தை மட்டும்தான் பார்த்துவிட்டுப் போவார்.

கொத்தனாரைக் கூட்டிப்போனால் போதாதா என்று கேட்டவருக்கு: பூச்சும் மட்டமும் பார்க்க அவர் கண்ணுக்கு மிஞ்சின கண் கிடையாது. ஆனால் எதைக் காட்டினாலும் “இடிச்சிட்டுப் புதுசா எடுத்திருங்க” என்பார்.

ஜூன் 10

தம்பி இப்போதுதான் சொல்கிறார், அந்த 3,000 ரூபாய் இன்ஜினீயரை அனுப்பியதே புரோக்கர்தானாம். சரி.

ஜூன் 12

டெக்சாஸில் இருக்கிற மச்சானிடம் போனில் கேட்டேன். அங்கே 350, 450 டாலர் என்று வாங்குகிறார்களாம், வீடு பெரிசானால் கூடும். டெக்சாஸில் லைசென்ஸ் கட்டாயம். மாநில ரியல் எஸ்டேட் கமிஷன் கொடுத்திருக்கிற ஒரே படிவத்தில்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். கலிபோர்னியாவில் மாநில லைசென்ஸே கிடையாதாம். இத்தனை பெரிய நாட்டில் ஊருக்கு ஒரு சட்டம்.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அக்ரிமென்ட் போடும்போதே விற்கிறவருக்குச் சின்னத் தொகை ஒன்றைக் கொடுத்து, சில நாள் அவகாசம் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் காரணமே சொல்லாமல் விலகலாம். அந்தச் சின்னத் தொகை மட்டும் போகும். நமக்கு அந்த வழக்கம் இல்லை. 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு ஓதத்தைக் கண்டுபிடித்தால் திருப்பி வாங்க அலைய வேண்டியதுதான். அதனால் காட்டிப் பார்ப்பதை அட்வான்ஸுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். “இன்ஜினீயர் பார்க்க வருவார்” என்று சொன்னதும் விற்கிறவர் முகம் போகிற போக்கே பாதி ரிப்போர்ட்.

அங்கேயும் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற, கை எட்டுகிற இடம் மட்டும்தான். கழிவுக் குழாய்க்குள் கேமரா விடுவது, மண்ணிலிருந்து வருகிற ரேடான் என்ற கதிரியக்க வாயுவைச் சோதிப்பது எல்லாம் தனிக் காசு.

ஜூன் 13

ரேடான் என்று எழுதினாலும் எழுதினேன், நியூஜெர்சியிலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டார். “மணவாளக்குறிச்சியில்தான் மோனசைட் மணல் இருக்கிறதே, அங்கே வீடு வாங்குகிறவர்கள் ரேடான் பார்க்க வேண்டாமா?”

வீட்டுச் செலவிலிருந்து விலகிப் போகிறோம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மோனசைட்டில் கதிர்வீச்சுக்கு முக்கியக் காரணம் தோரியம். அமெரிக்க வீடுகளின் அடித்தளத்தில் தேடுகிற ரேடான்-222 யுரேனியம் வழியில் வருவது, பாதியாகக் குறையக் கிட்டத்தட்ட 3.8 நாள் ஆகும், அதனால் மண்ணுக்குள்ளிருந்து மெல்ல ஏறி வீட்டுக்குள் தங்க நேரம் கிடைக்கிறது. தோரியம் வழியில் வருவது தோரான், ரேடான்-220. ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகிவிடும், மண்ணுக்குள் வெகு தூரம் பயணம் பண்ணாது. அந்தக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்பது உண்மை, மணலிலிருந்து நேராக வருகிற காமாக் கதிர்தான் அங்கே பேச்சு. நம்மூர் இன்ஜினீயர் யாரும் அதை அளக்க மாட்டார். அங்கே வீடு பார்க்கிறவர் பூச்சுக்குக் கடல் மணலைக் கலந்திருக்கிறார்களா என்று பார்த்தால் உப்புக்கும் ஆச்சு, மணலுக்கும் ஆச்சு.

ஜூன் 16

பார்வதிபுரம் என்றதும் எனக்கு முதலில் வந்த கேள்வியை இப்போதுதான் எழுதுகிறேன். அந்த மனை முன்னால் என்னவாக இருந்தது?

நாகர்கோவிலைச் சுற்றி நாஞ்சில் நாட்டு வயல்கள் எத்தனை மனையாகிவிட்டன என்று வயசானவர்களிடம் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். வயலில் நாலடி, ஐந்தடி செம்மண் அடித்து நிரவி, சாலை போட்டு, கல் நட்டு விற்றார்கள். நிரவின மண் இறுகுமுன் வீடு எழும்பினால், ஒரு மூலை மட்டும் மெல்ல இறங்கும். பழைய கெட்டி மண் வரைக்கும் தோண்டிக் கான்கிரீட் தூண் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. நிரவின மண்ணிலேயே கருங்கல் அஸ்திவாரத்தை நிறுத்தியிருந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும்.

எல்லா வெடிப்புக்கும் பதற வேண்டாம். பூச்சு மேல் வலை பின்னினாற்போலத் தெரிகிற மெல்லிய கோடு பூச்சு காய்ந்த வேகத்தில் வந்தது, பெயின்ட்டோடு போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே, சுவரும் கூரையும் சேருமிடத்தில் படுக்கையாக வருவது பெரும்பாலும் வெயிலுக்குக் கான்கிரீட் விரிவதால். கான்கிரீட்டுக்கு அடியில் கம்பி போகிற வரிசையிலேயே நேர்கோடாக வெடித்துப் பழுப்புக் கறை தெரிந்தால் அது துரு, அதை இன்ஜினீயர் பார்த்தாக வேண்டும். சாய்வு வெடிப்பு என்றால் அது இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார்கள், அல்லது குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் நன்செய்யா புன்செய்யா என்று பார்க்கலாம். அதைவிடச் சுலபம், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சாயா குடித்துக்கொண்டே கேட்பது. 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எது வரைக்கும் நின்றது, 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த வீட்டில் எது பறந்தது, இந்த இரண்டு கேள்வி போதும். ஆச்சிக்குப் பீஸ் கிடையாது.

ஜூன் 22

யாரோ ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் காட்டி “5 வருஷம் பில்டர் பொறுப்பு, அப்புறம் எதற்கு இன்ஸ்பெக்ஷன்” என்று எழுதியிருக்கிறார். 2016 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மை. வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாளுக்குள் புரமோட்டர், அதாவது கட்டி விற்றவர், தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அபார்ட்மென்ட், பெரிய மனைப் பிரிவு என்று பில்டர் கட்டி விற்கிற திட்டங்களுக்கு அது நல்ல பிடி. நம் ஊரில் கைமாறுவதில் பெரும்பகுதி யாரோ தனக்கென்று கட்டிக் குடியிருந்துவிட்டு விற்கிற தனி வீடு. 14 வருஷ வீட்டுக்கு எந்தப் புரமோட்டரைத் தேடிப் போவது?

ஜூன் 29

மழை நேரத்தில் பார்ப்பதா, வெயில் நேரத்தில் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். மழை நேரம்தான், சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம்முடையது, வருஷத்தில் இரண்டு தடவை வீட்டுக்குத் தேர்வு நடக்கிறது. ஒரு பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். மொட்டை மாடியில் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பது அப்போது தெரியும், மற்ற நாளில் தூசி வட்டமாகக் காய்ந்திருப்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு பார்க்கிறவர்களுக்கு வெயில் காலத்திலேயே பாசி தெரியும். வெளிச்சுவர் காய நேரமே கிடைக்காது. அந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விலை உயர்ந்த வெளிப்புறப் பெயின்ட் கேட்டு வந்தாலும் நான் விற்பேன், எனக்கு வியாபாரம். ஆனால் கூரை விளிம்பை இரண்டடி வெளியே நீட்டினால் பெயின்ட்டைவிடச் சுவருக்கு நல்லது.

ஜூலை 8

தம்பியின் மனைவி கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரை வைத்துப் பார்த்திருக்கிறார். பெண்பிள்ளை, வயசு முப்பதுக்குள்தான் இருக்குமாம். 8,500 ரூபாய். மூன்றரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்திருக்கிறார், ரிப்போர்ட் 22 பக்கம். பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆள்தான் நல்லது என்று ஜூன் மாசம் நான் சொன்னதுபோல ஒலித்திருக்கலாம். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தபின் அந்தப் பிடிவாதம் இல்லை. மூத்தவர்களுக்கு மண்ணும் ஊரும் தெரியும், எழுதித் தருவதில்தான் சுணக்கம். இந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

மாடிக் குளியலறையின் தாழ்த்திப் போட்ட கான்கிரீட்டில் தண்ணீர் கசிந்து கீழே சமையலறைச் சுவரில் இறங்குகிறது, ஈர மீட்டர் எண்ணோடு படம். மொட்டை மாடித் தட்டோட்டில் இணைப்புகள் விட்டுப்போயிருக்கின்றன. போர்டில் கரண்டு கசிந்தால் தானே அணைகிற ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறது, சோதனைப் பட்டனை அழுத்தினால் விழவில்லை. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. மாடி அறை ஜன்னல் மூலையில் சாய்வு வெடிப்பு ஒன்று, மெல்லியது. வெடிப்புக்குள் பழைய பெயின்ட் இறங்கியிருப்பதால் பல வருஷத்துக்கு முந்தையது, இப்போது நகர்வதற்கு அடையாளம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்கே 8,500 தகும். வெடிப்புக்குள் பெயின்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கப் பெயின்ட் கடைக்காரனான எனக்கே தோன்றியதில்லை.

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தான் எதைப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். செப்டிக் டேங்க் திறக்கவில்லை, அஸ்திவாரம் தோண்டவில்லை, கிணற்றுத் தண்ணீர் சோதிக்கவில்லை. இதைப் படித்துவிட்டுத் தம்பி “அப்ப முழுசாப் பார்க்கலையா?” என்று கேட்டார். முழுசாகப் பார்த்தேன் என்று எழுதுகிற ஆளைவிட இவர் மேல். தண்ணீர் சோதனை தனியாக லேபில் கொடுத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

ஜூலை 11

அந்த ரிப்போர்ட்டை விற்கிறவரிடம் அப்படியே நீட்டலாமா? நீட்டாதீர்கள். 22 பக்கத்தைப் பார்த்தால் எவருக்கும் கோபம் வரும், அவர் குடியிருந்த வீடு அது. குளியலறை, மொட்டை மாடி, கரண்டு, இந்த மூன்றுக்கு மட்டும் வேறொரு ஆளிடம் செலவு எழுதி வாங்கி அதை மட்டும் வைத்துப் பேசுங்கள். பாசி, கதவுத் தாழ்ப்பாள், உரிந்த பெயின்ட் எல்லாவற்றையும் அடுக்கினால் பெரிய விஷயமும் அதோடு சேர்ந்து சில்லறையாகிவிடும்.

ஜூலை 19

செலவு 2,40,000 என்று எழுதி வந்ததாம். விற்கிறவர் முதலில் “அப்படின்னா வேற வீடு பாத்துக்கிடுங்க” என்றிருக்கிறார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு ஒன்றரை லட்சம் குறைத்திருக்கிறார். புரோக்கர் இன்னும் தம்பி வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கமிஷன் வாங்கும்போது பேசுவார்.

ஆகஸ்ட் 4

ஓட்டு வீடு வாங்குகிறவர்கள் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கான்கிரீட் இன்ஜினீயரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள், ஒரு நல்ல ஆசாரியையும் கூட்டிப்போங்கள். கழிக்கோலும் உத்திரமும் சுவருக்குள் நுழைகிற முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஈரம் தங்குவது அங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நல்ல தேக்கு, அயினி, பலா எதுவானாலும் எதிர்த்து நிற்கும். கரையான் தின்றது என்றால் வெண்ணெயில் இறங்கும். சுவரோரம் மண் கோடு போட்டு ஏறியிருக்கிறதா என்று பீரோவை நகர்த்திப் பாருங்கள். பீரோவை நகர்த்த விடாத வீட்டை வாங்காதீர்கள்.

மரம் வயசினால் மட்டும் கெட்டுவிடாது. தக்கலைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது, நூற்றாண்டுக் கணக்கில். நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஓடு மாற்ற, மரம் பார்க்க அங்கே எப்போதும் ஆள் இருக்கிறது. உங்கள் ஓட்டு வீட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை ஓடு மாற்றுகிற ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல ஊரில் அந்த வேலை தெரிந்தவர்களே குறைந்துவிட்டார்கள்.

அக்டோபர் 27

பத்திரம் முடிந்து குடிபோய்விட்டார்கள். இப்போது மழை பெய்கிறது, சமையலறைச் சுவர் காய்ந்தே இருக்கிறதாம். ஆனால் மாடிப் படிக்கட்டுக்கு மேலே கூரை மூலையில் புதிதாக ஒரு ஈரக் கறை. “இன்ஜினீயர் இதைச் சொல்லவில்லையே, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?” என்கிறார் தம்பி.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டுக் கூரையின் மேல் பக்கத்துக்கு ஏற வழியில்லை, பார்க்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கேட்க முடியாது. அந்த இன்ஜினீயருக்கே போன் போட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். மறுநாளே பதில் வந்ததாம், தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் அந்தக் கூரை மேல் கொட்டுகிறதா பாருங்கள் என்று. கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு எல்போவும் நாலடி பிவிசி பைப்பும் வாங்கிப் பிளம்பரை வைத்து முடித்திருக்கிறார்கள். போனில் கேட்டதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அக்டோபர் 28

அந்த இன்ஜினீயர் நம்பர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பொதுவில் போட மாட்டேன். கடைக்கு வந்தால் சொல்கிறேன், பெயின்ட் வாங்க வேண்டியதில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.